மலையில் புகை எங்கே தங்குகிறது, எப்போது தங்குகிறது

எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஊர். நான் பிறந்து வளர்ந்தது பண்டாரவளைப் பக்கம், ஊவாத் தோட்டமொன்றில். கணவரின் வீடு தலவாக்கலையில். எனக்கு ஆசிரியர் வேலை கண்டியில், மகளின் பாடசாலையும் அங்கேதான். லீவு கிடைத்தால் இந்த மூன்றுக்கும் நடுவில் பஸ்ஸிலோ ரயிலிலோ அலைவோம். மகளுக்குச் சின்ன வயதிலேயே இழுப்பு வந்துவிட்டது. எந்த ஊர்க் காற்று எந்த மாதத்தில் கெடுகிறது என்பதை அவள் மூச்சைக் கவனித்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

மலைநாட்டில் இருந்துகொண்டு காற்றைப் பற்றிக் கவலைப்படுவதா என்று கொழும்பு உறவுக்காரர்கள் கேட்பார்கள். உயரம் மட்டும் காற்றைச் சுத்தமாக்கிவிடாது. ஒன்றில் காற்று நகர வேண்டும், இல்லையென்றால் மழை கழுவ வேண்டும். இரண்டும் இல்லாத நேரத்தில் ஆறாயிரம் அடி உயரத்திலும் புகை படுத்துக்கிடக்கும். இழுப்புள்ள பிள்ளையோ, ஓயாமல் இருமும் பெரியவரோ வீட்டில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் ஹந்தானை மலைத்தொடர், இன்னொரு பக்கம் பஹிரவகந்த, மற்றப் பக்கம் உடவத்தகலே காடு. பேராதனையிலிருந்தும் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் வரும் வாகனமெல்லாம் இந்தச் சின்ன இடத்துக்குள் வந்து நெருக்குகின்றன. கொழும்புக்குக் கடல்காற்று இருக்கிறது. பகலில் உள்ளே அடிக்கும், இரவில் வெளியே அடிக்கும், எப்படியோ புகையை நகர்த்திவிடும். கண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாகனம் கொழும்பைவிடக் குறைவுதான், ஆனால் புகைக்குப் போக்கிடம் அதைவிடக் குறைவு. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிக் காற்றைப் பற்றிப் பல வருடங்களாக எச்சரித்து வருவது சும்மா அல்ல.

மிக மோசமான காலம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. மழை குறைந்து, இரவில் வானம் தெளிந்து, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் நாட்கள். அப்படிப்பட்ட இரவில் நிலம் வேகமாகக் குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, சரிவு வழியாகப் பள்ளத்துக்குள் வடிகிறது. அதற்கு மேலே இருப்பதோ அதைவிடச் சூடான காற்று. உயரே போகப் போகக் குளிர வேண்டியது இங்கே தலைகீழாகிவிடுகிறது. கீழே தங்கிய கனத்த காற்று மேலே ஏற முடியாமல், சோற்றுப் பானைக்கு மூடி போட்டதுபோல ஊர் அடைபட்டுவிடும். விடியற்காலை குட்செட் பஸ் நிலையத்தில் ஸ்டார்ட் பண்ணி உறுமவிடும் பஸ்ஸின் புகை, குப்பை எரிக்கும் புகை, ஏழு மணிக்கு வரிசைகட்டும் ஸ்கூல் வான்களின் புகை, எல்லாம் அதற்குள்தான். வெயில் ஏறி நிலம் சுட்ட பிறகுதான், ஒன்பது பத்து மணியளவில், அது கலையத் தொடங்கும். பாடசாலையோ ஏழரைக்கு. அன்றைய நாளின் ஆகக் கெட்ட காற்றில்தான் நம் பிள்ளைகள் நடந்து போகிறார்கள்.

முதலில் நாங்கள் கட்டுக்கலைப் பக்கம் பெரிய வீதியை ஒட்டி வாடகைக்கு இருந்தோம். ஜன்னல் விளிம்பை ஈரத் துணியால் துடைத்தால் துணி கறுக்கும். மண் தூசு என்றால் பழுப்பாக வரும், தண்ணீரில் அலசினால் போய்விடும். இது விரலில் பிசுபிசுக்கும், சவர்க்காரம் போட்டால்தான் போகும். டீசல் கரி. காலையில் துடைத்த விளிம்பு மாலைக்குள் மறுபடி அப்படியே ஆகிவிடும். மகள் வளரும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாதென்று ஹந்தானைப் பக்கம் சரிவில் ஒரு வீட்டுக்கு மாறினோம். வாடகை கொஞ்சம் கூட, வெயிலில் ஏறி வருவதும் சிரமம். ஆனால் வீதியிலிருந்து 100, 150 மீட்டர் விலகினாலே வாகனக் கரி வெகுவாகக் குறைந்துவிடும். கூடவே பள்ளத்தின் அடியிலிருந்தும் மேலே வந்துவிட்டோம். பெப்ரவரிக் காலைகளில் முற்றத்தில் நின்று கீழே பார்த்தால் ஏரிக்கு மேல் பழுப்பாக ஒரு படலம் கிடக்கும். அதன் மேல் விளிம்பு நேர்கோடாக, வெட்டினாற்போல இருக்கும். அதுதான் அந்த மூடி. கண்ணால் பார்க்கலாம்.

மரப்பட்டையில் சாம்பல் பச்சையாகப் படரும் பாசிப்பூஞ்சணத்தைப் பார்த்திருப்பீர்கள். அது வேரில்லாமல் காற்றிலிருந்தே ஈரத்தையும் உணவையும் எடுத்துக்கொள்கிறது, அதனால் காற்று கெட்டால் முதலில் வாடுவதும் அதுதான். எங்கள் வீட்டுப் பக்கத்து மரங்களில் அது திட்டுத் திட்டாக, சில இடத்தில் தாடியாகவே தொங்குகிறது. பஸ் நிலையத்தை ஒட்டிய மரங்களின் பட்டை வெறுமையாக இருக்கிறது. வீடு தேடுகிறவர்கள் முற்றத்து மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். காசு செலவில்லாத பரிசோதனை.

கண்டியில் நாங்கள் செய்த மற்ற மாற்றங்கள் சின்னவை, ஆனால் பலன் தந்தவை. மலை வீதியில் ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஒன்றல்ல. ஏறும் பஸ் முதல் கியரில் திணறிக் கறுப்பாகக் கக்கும், இறங்கும் பஸ் அவ்வளவு கக்காது. அதனால் மகளை இறங்கும் பக்கத்து நடைபாதையில்தான் கூட்டிப்போவேன். சந்தியைச் சுற்றிப் போகாமல் ஒழுங்கை வழியாகப் போவோம், ஐந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏற்கெனவே இரைந்துகொண்டிருக்கும் பஸ்ஸின் பின்னால் நிற்பதில்லை. நான் படிப்பிக்கும் பாடசாலையில், வாயிலில் காத்திருக்கும் வான்களை எஞ்சினை நிறுத்தச் சொல்லி அதிபரிடம் கேட்டோம். பெற்றோர் கூட்டத்தில் பேசிய பிறகு பெரும்பாலான சாரதிகள் ஒத்துக்கொண்டார்கள், டீசலும் மிச்சம்தானே. ஜனவரி முதல் மார்ச் வரை விளையாட்டுப் பயிற்சியை விடியலில் வைக்காமல் பின்னேரத்துக்குத் தள்ளியிருக்கிறோம். ஏப்ரலில் இந்தத் தொல்லை தானாகவே குறையும். பகல் வெயில் காற்றைக் கலக்கிவிடும், பின்னேர இடிமழை கழுவிவிடும்.

வீட்டுக்குள் ஒன்றே ஒன்றை முழுதாக நிறுத்தினோம். நுளம்புத்திரி. ஒரு திரி எரிந்து முடியும்போது கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளை தூங்கும் அறையில் அதை ஏற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை. வலை கட்டினோம், அவ்வளவுதான்.

இனித் தலவாக்கலை. எனக்கு அதிகம் சொல்லவிருப்பது இங்கேதான்.

மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கமெல்லாம் சேர்ந்தாற்போல் நாட்கணக்கில் கொட்டும். வட்டவளையில் வருசத்துக்கு 5000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. அந்த மாதங்களில் தலவாக்கலையில் வெளியே வந்து மூச்சை இழுத்தால் இலங்கையில் இதைவிட நல்ல காற்று இருக்குமா என்று தோன்றும். மகளுக்கு இழுப்பு வந்ததும் அதே ஜூன், ஜூலையில், அதே வீட்டில்தான். காரணம் வெளியே இல்லை, குசினியில்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயக் காம்பராவின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்னால் இஸ்தோப்பு என்ற திண்ணை, நடுவில் ஒரு காம்பரா, குசினிக்கு ஒரு மூலை, பெரும்பாலும் ஒரு கதவு, ஜன்னல் இருந்தால் சின்னது. பழைய லயங்கள் பலவற்றில் இரண்டு வீட்டுக்கு நடுச்சுவர் கூரைவரை போகாது. இந்த வீட்டு அடுப்புப் புகை சுவருக்கு மேலால் அடுத்த வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுப் புகை இங்கே வரும். விடியற்காலை நான்கரைக்கு எழும்பி, பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போவதற்குள் சமைத்து முடிக்க வேண்டிய அவசரத்தில் ஒரு லயமே சேர்ந்து அடுப்பு மூட்டுகிறது. மழையென்றும் குளிரென்றும் கதவு சாத்தியிருக்கும். எரிவது என்ன? தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறுக் குச்சி, சவுக்குக் கிளை, அதுவும் அடைமழையில் நனைந்தது.

ஈர விறகு ஏன் இப்படிப் புகைகிறது என்பதை அத்தைக்கு விளக்கத்தான் நானே முதலில் தெரிந்துகொண்டேன். விறகின் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும்வரை நெருப்பின் சூடெல்லாம் அதற்கே செலவாகிறது. அடுப்பு சரியாகச் சூடேறாததால் மரத்திலிருந்து கிளம்பும் வாயுவும் தாரும் எரியாமலே புகையாக வெளியேறுகின்றன. கண்ணைக் கரிப்பதும், கூரைத் தகரத்தில் பளபளவென்று கறுப்பாகப் படிவதும் அதுதான். அத்தை சிகரெட்டைத் தொட்டதில்லை, சுருட்டு பிடிப்பவரும் வீட்டில் இல்லை. ஆனால் கிளினிக்கில் ஊதிப் பார்க்கச் சொன்ன டாக்டர், நுரையீரல் குழாய் நாள்பட்டு அடைத்துப்போயிருக்கிறது என்றார். அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த பெண்களுக்கு இது வரும். நாம் "குளிர் இருமல்" என்று தள்ளிவிடுகிறோம்.

"பொகை இல்லாம அடுப்பு எங்கயாச்சும் எரியுமா புள்ள?" என்று அத்தை கேட்டார். முழுக்க இல்லாமல் எரியாது. ஆனால் பாதிக்கு மேல் குறைக்கலாம், நாங்கள் குறைத்திருக்கிறோம்.

முதல் வேலை விறகு. தென்மேற்கு மழைக்கு வேண்டிய விறகைப் பெப்ரவரி மார்ச்சிலேயே சேர்த்துவிட வேண்டும், அந்தப் பக்கத்துக்கு வெயில் காலம் அதுதான். உருட்டாக அடுக்காமல் மெல்லியதாகப் பிளந்து, தரையில் படாமல், காற்று புகும்படி அடுக்க வேண்டும். மேலே மட்டும் தகரம், பக்கம் திறந்திருக்கட்டும். பொலித்தீனால் சுற்றிக் கட்டினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நாளைக்கு எரிக்க வேண்டியதை இன்றைக்கு அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைக்கலாம். காய்ந்த விறகின் நுனியில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும்.

அடுத்தது மூட்டும் முறை. அவசரத்துக்குச் சிலிசிலி பேக் என்ற பொலித்தீன் பையையும் பழைய சைக்கிள் டியூப் துண்டையும் கொளுத்தி மூட்டுவது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். அந்தப் புகை விறகுப் புகையைவிடப் பல மடங்கு கெடுதல். காய்ந்த சவுக்குச் சருகும் சுள்ளியும் ஒரு சாக்கு நிறையச் சேர்த்து வைத்தால் அது தேவைப்படாது.

அப்புறம் அடுப்பு. மூன்று கல் அடுப்பை எடுத்துவிட்டு அனகி அடுப்பு வைத்தோம். 1980களில் இலங்கையிலேயே உருவான, இரண்டு வாயுள்ள களிமண் அடுப்பு. விறகு கணிசமாக மிச்சமாகும், அதற்கேற்பப் புகையும் குறையும். ஆனால் அனகியை வைத்துவிட்டால் எல்லாம் சரியென்று நினைக்கக் கூடாது. புகைபோக்கி இல்லாவிட்டால் மிச்சப் புகை வீட்டுக்குள்தான் நிற்கும்.

குளிப்பதற்கு வெந்நீர் வைப்பதுதான் விறகையும் புகையையும் ஆகக் கூடுதலாகத் தின்கிறது என்று கொஞ்ச நாள் கவனித்த பிறகுதான் தெரிந்தது. சோறு கறியெல்லாம் அதற்குப் பிறகுதான். வெந்நீர் அடுப்பை வெளியே இறவாரத்துக்குக் கொண்டுபோய், பிள்ளைகளின் குளிப்பைப் பின்னேரத்துக்கு மாற்றினோம். சோற்றுக்கு ரைஸ் குக்கர். 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கேஸ் அடுப்பு வைத்திருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின, சில வீடுகள் இன்னும் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் எல்லாவற்றையும் கேஸில் சமைக்க முடியாவிட்டாலும், விடியற்காலை சமையலையாவது அதில் முடித்தால் கதவு சாத்திய நேரத்துப் புகை மிச்சம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நுவரெலியாப் பக்கம் பனிக் காலத்தில் குளிருக்காகத் தணல் சட்டியையோ கரி அடுப்பையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். புகை வரவில்லையே என்று நம்பாதீர்கள். தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அடுப்படியில் சூடு காய்ந்துவிட்டு, கம்பளியோடு வந்து படுங்கள். தணலைப் படுக்கிற அறைக்குள் எடுத்து வரவே கூடாது.

தலவாக்கலையிலும் ஜனவரி முதல் மார்ச் வரை கண்டியைப் போலத்தான். இரவில் குளிர்காற்று பள்ளத்துக்குள் வடிந்து, காலையில் லயத்துப் புகையெல்லாம் ஓர் உயரம்வரை எழும்பி அங்கேயே படுத்துக்கொள்ளும். பனி எங்கே விழும் என்பது தோட்டத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். உச்சி மலைக்கு முன்பே ஓடைக்கரைப் பள்ளத்துத் தேயிலைதான் முதலில் கருகும், ஏனென்றால் குளிர்காற்று வடிந்து தேங்குவது அங்கேதான். புகை தேங்குவதும் அதே இடத்தில்தான். 7 பேர்ச் காணி கிடைத்துத் தனிவீடு கட்டுகிறவர்கள், இடத்தைத் தெரிவு செய்ய வாய்ப்பிருந்தால், பனி கருக்கும் பள்ளத்தை விட்டுச் சரிவின் நடுப்பகுதியை எடுங்கள். மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் எந்தச் சரிவிலும் அத்திவாரம் வெட்டக் கூடாது என்பது வேறு.

அம்மா வீட்டுக்குப் போகும் பாதையே ஒரு பாடம். ஜூலையில் தலவாக்கலையில் குடையோடு ரயில் ஏறுவோம். நானுஓயா, பட்டிப்பொல வரை மழையும் மூடுபனியும். பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஒகியப் பக்கம் வெளியே வந்தால் வெயில். தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. எங்கள் ஊரில் அதைக் கச்சான் என்போம். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அந்தக் காய்ந்த காற்றில் வளர்ச்சி ஒடுங்கும் கொழுந்தில்தான் உலகம் கேட்டு வாங்கும் ஊவாத் தேயிலையின் மணம் ஏறுகிறது. அதே காற்றில்தான் பத்தனை என்ற மலைப் புல்வெளியும் பற்றிக்கொள்கிறது.

மானாப்புல் காய்ந்த சரிவுகளும், அடியில் ஊசி இலை மெத்தையாகக் கிடக்கும் பைன் காடுகளும் எல்ல, பண்டாரவளை, ஹல்துமுல்லைப் பக்கம் நிறைய. மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் நெருப்பு, வேட்டைக்காரர் வைக்கும் நெருப்பு, குப்பைக்கு வைத்துக் கைமீறிய நெருப்பு. பைன் பிசினில் தீ பிடித்தால் சரிவில் மேல்நோக்கி ஓடும், பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது. பகலில் கச்சான் புகையை இழுத்துப் போய்விடும். பொழுது சாய்ந்து காற்று விழுந்ததும் நெருப்பு உச்சியில் தெரியும், புகையோ கீழே வந்து சேரும். அம்மா வீட்டுக் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டைகளில் கருகிய புல்லின் துகள் நீளநீளமாக ஒட்டியிருக்கும். தட்டினால் கறை ஆகிவிடும், ஊதித்தான் எடுக்க வேண்டும்.

அப்படிப்பட்ட இரவுகளில் அம்மா வீட்டில் செய்வது இதுதான். காற்று வரும் பக்கத்து ஜன்னலை மாலையிலேயே சாத்தி, கதவடியில் ஈரச் சாக்கைப் போடுவது. வீட்டுக்குள் எதையும் வறுக்காமல், சாம்பிராணி போடாமல் அன்றைக்கு விட்டுவிடுவது. காலையில் காற்று எழும்பியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுவது. சாம்பலைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டினால் மறுபடி காற்றில் ஏறும், ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முகத்தில் கைக்குட்டை கட்டுவதால் சாம்பல்தான் நிற்கும், நுண்துகள் நிற்காது. வெளியே போக வேண்டியவர் கேஎன் 95 மாஸ்க்கை முகத்தோடு ஒட்டும்படி போட்டால் பயனுண்டு.

மேற்குப் பக்கம் காயும் மாதமும் ஊவா காயும் மாதமும் வேறு வேறு என்பதால் எங்கள் லீவுகளையே மாற்றினோம். ஆகஸ்ட் லீவில் அம்மாவிடம் போவதுதான் முன்பெல்லாம் வழக்கம். இப்போது ஏப்ரல் லீவில் போகிறோம், ஊவாவுக்கு அப்போது மழை கிடைக்கும் காலம். ஆகஸ்டில் பேத்தியைப் பார்க்க அம்மாதான் கண்டிக்கு வருகிறார். அம்மாவுக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. பேத்தி ஓர் இரவு மூச்சுக்குத் திணறி, நெபுலைஸ் பண்ணப் பதுளைக்கு வான் பிடித்து ஓடியதை நேரில் கண்ட பிறகு அவரே "ஆகஸ்டுல வேணாம்" என்றார்.

மூன்று ஊரையும் ஒரே நேரத்தில் பிடிக்கிற புகையும் ஒன்று உண்டு. நவம்பரிலிருந்து ஜனவரிவரை காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. இந்திய நிலப்பரப்பின் புகையையும் தூசையும் வங்காள விரிகுடாவைத் தாண்டிக் கொண்டுவருகிறது. 1999இல் நடந்த இந்தோஎக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில், குளிர்காலத்தில் தெற்காசியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை பரந்து கிடக்கும் பழுப்புப் படலத்தை விஞ்ஞானிகள் அளந்தார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் தமிழ்நாட்டுக் கரையை நெருங்கியபோது அந்தக் கெட்ட காற்று இலங்கைக்குள் இழுபட்டு, 9ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். அன்றைக்குக் கண்டியில் எங்கள் முற்றத்திலிருந்து எதிர்மலை தெரியவில்லை. மூடுபனி என்றுதான் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

மூடுபனியையும் புகைமூட்டத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது மலைநாட்டில் மிக அவசியம். மூடுபனி வெள்ளை, நகர்ந்துகொண்டே இருக்கும், முகத்தில் ஈரம் படும், தேயிலை இலையில் துளி நிற்கும், வெயில் வந்தால் கிழிந்துபோகும். புகைமூட்டம் பழுப்பு அல்லது மங்கிய நீலம், அசையாது, இலை காய்ந்திருக்கும், மத்தியானமும் போகாது. வீட்டிலிருந்து தெரியும் ஒரு கிட்டத்து மலையையும் ஒரு தூரத்து மலையையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் தூரத்து மலை மங்கினால் கவனம், கிட்டத்து மலையே மங்கினால் இழுப்புள்ளவர் வெளியே ஓடியாட வேண்டாம்.

போனில் காட்டும் எண்ணையும் பார்க்கிறோம். பிஎம் 2.5 என்ற நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. இலங்கையின் சட்ட வரம்பு 50. இடையில் இருக்கும் நாளைச் சட்டப்படி நல்ல நாள் என்பார்கள், என் மகளின் நெஞ்சுக்கு அது நல்ல நாள் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: விலை குறைந்த கருவிகள் ஒளியைச் சிதறவிட்டு அளப்பவை. அடர்ந்த மூடுபனியில் நீர்த்துளியையும் ஈரத்தில் ஊதிய துகளையும் சேர்த்து எண்ணி, எண்ணைக் கூட்டிக் காட்டும். நுவரெலியாவில் பனிமூட்டக் காலையில் எண் எகிறினால் வெயில் வந்த பிறகு மறுபடி பாருங்கள்.

எங்களுக்கு ஆகப் பெரிய உதவி செய்தது ஒரு நாற்பது பக்கக் கொப்பி. இழுப்பு வந்த திகதி, நேரம், ஊர், அன்றைக்கு மழையா வெயிலா, அடுப்பா நெருப்பா, அவ்வளவுதான் எழுதினோம். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் தடுப்பு இன்ஹேலரை எந்த மாதங்களில் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது என்று சொன்னார். இருமல் நின்றதும் அதை நிறுத்திவிடுவது நம் வீடுகளில் நடக்கும் விஷயம். நீல நிறப் பம்ப் இழுப்பு வந்த நேரத்துக்கு. தடுப்புப் பம்ப் தினமும் எடுக்க வேண்டியது, எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொன்னபடிதான். பம்ப் பழகிவிடும், பிள்ளைக்குக் கூடாது என்று லயத்தில் சொல்லும் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள்.

இப்போது கையிலிருக்கும் வேலை புகைபோக்கி. அத்தை வீட்டில் வைத்தாயிற்று. ஆனால் நடுச்சுவர் மேலே திறந்திருக்கும்வரை பக்கத்து வீட்டுப் புகை வரத்தான் செய்யும், அவர்கள் பிள்ளைகளும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். அதனால் லயத்தில் மிச்சமுள்ள குசினிகளுக்கும் சேர்த்துத் தோட்டத்தில் கேட்டிருக்கிறோம். தகரக் குழாய்க்குப் பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மீதிக்குச் சீட்டுப் பிடிக்கிறோம். குழாய் கூரை முகட்டைவிட ஓரிரு அடி உயர்ந்து நிற்க வேண்டும், தாழ்ந்திருந்தால் மழைக்காலக் காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள் தள்ளும். தலையில் மழைத்தொப்பி, அடியில் கரியைத் தட்டி எடுக்க ஒரு வாய். அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் அதை அறுக்காமல், அந்த ஒரு சீட்டை மட்டும் கழற்றித் தகரம் போட்டு அதில்தான் துளை போட வேண்டும். மழை பிடிப்பதற்கு முன், ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டுமென்று கணவரின் தம்பி அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.